கிணற்றுக்கு ஒரு கணக்குப்பிள்ளை

வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் ஆடித் திருவிழாவுக்கு எப்படியும் வடமதுரை வந்துவிடுவேன். சௌந்தரராஜப் பெருமாள் கோயில் வாசலில் தாய்மாமா என்னைப் பிடித்து நிறுத்துவார். "ஏ ஆத்தா, ஊருல கேக்குறவங்களுக்கு என்னத்தச் சொல்றது? நீ என்னதான் வேலை பாக்குற?"

சுற்றுச்சூழல் பொருளியல் என்று சொல்லிப் பார்த்தேன். மரம் நடுகிற வேலை என்று எடுத்துக்கொண்டார். பன்னாட்டு வளர்ச்சித் திட்டங்களுக்கு ஆலோசகர் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவே இல்லை, ஏதோ மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டார். ஒரு வருடம் பொறுமையாக உட்கார்ந்து சொன்னேன்: "ஒரு ஆறு கெட்டுப்போச்சு, ஒரு காடு அழிஞ்சுபோச்சுன்னா, யாருக்கு எம்புட்டு நட்டம்னு கணக்குப் போடுற வேலை மாமா." அவர் முகம் தெளிந்தது. "அட, கணக்குப்பிள்ளைன்னு சொல்ல வேண்டியதுதான?"

காத்மாண்டு, வியன்டியான், மணிலா என்று இருபது வருடத்துக்கு மேல் சுற்றிவிட்டு, அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊரோடு வந்து சேர்ந்துவிட்டேன். மாமா வைத்த பெயர்தான் நிலைத்தது. அந்தக் கணக்குப்பிள்ளை வேலை நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏன் இல்லை என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

நான் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தது திண்டுக்கல்லில், ஒரு கிணற்றடியில். 1990-களின் கடைசி. எம்.ஏ. முடித்த கையோடு ஓர் ஆய்வுக் குழுவில் கேள்வித்தாள் நிரப்பும் வேலை. நிரப்பிய தாளுக்கு இவ்வளவு என்று கூலி. தோல் ஷாப்புகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், கழிவுநீர் இறங்கிய கிராமங்களுக்குப் போனோம். ஒரு வீட்டுக் கிணற்றை இன்னும் மறக்கவில்லை. கல் கட்டடம், உள்ளே இறங்கப் படிகள். தண்ணீர் மட்டம் ஏறி இறங்கிய இடங்களில் கோடு கோடாக வெள்ளை உப்பு. வாளியில் மேலே வந்த தண்ணீர் இளஞ்சிவப்பாக, நீர்த்த டீ போல இருந்தது. மோட்டாரின் ஃபுட்வால்வ் வருடத்துக்கு ஒன்று அரித்துப்போகிறது என்றார்கள். தென்னை மட்டை சுருங்கியிருந்தது. வீட்டுக்காரம்மா சொன்னது: "வெள்ளச் சீல கட்டி ரொம்ப நாளாச்சு. இந்தத் தண்ணியில பருப்பு வேகாது."

பருப்பு வேகாததற்கு எங்கள் கேள்வித்தாளில் இடம் இருந்தது. விறகு கூடுதலாக எவ்வளவு, நல்ல தண்ணீர் எடுக்க எவ்வளவு தூரம், எத்தனை நடை, நடைக்கு எத்தனை நிமிடம். வீட்டுக்காரம்மாவின் அந்த நிமிடங்களைக் கூலி வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் பணத்தால் பெருக்க வேண்டும். அந்த ஊருக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்று மூன்று வீடுகளில் சொன்னார்கள். அதற்குக் கட்டம் இல்லை. தாளின் ஓரத்தில் எழுதிவைத்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஓரத்தை யாரும் ஏற்றுவதில்லை.

கடைசிக் கேள்விதான் முக்கியமானது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். 'நல்ல தண்ணீர் வீட்டுக்கே வரும் என்றால், மாதம் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறீர்கள்?' திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவரிடம் இதைக் கேட்டேன். உலக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நான் எதுக்குடி குடுக்கணும்? ஏங் கெணறு. கெடுத்தவங்கிட்டப் போயிக் கேளு, எம்புட்டுக் குடுப்பன்னு."

பூஜ்யம் என்று எழுதினேன். சாயங்காலம் தாள்களைச் சரிபார்த்த மேற்பார்வையாளர் அதன் மேல் சிவப்பு மையில் ஒரு சுழி போட்டார். இதற்கு எங்கள் தொழிலில் 'எதிர்ப்புப் பூஜ்யம்' என்று பெயர். பதில் சொன்னவர் மதிப்பைச் சொல்லவில்லை, கேள்வியையே ஏற்கவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட தாள்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். அந்த அப்பத்தாவின் தாளும் எடுக்கப்பட்டது.

அவர் சொன்னதில் எவ்வளவு பெரிய விஷயம் இருக்கிறது என்று மேல்படிப்புக்குப் போன பிறகே புரிந்தது. 'நல்ல தண்ணீருக்கு எவ்வளவு கொடுப்பாய்' என்று கேட்டால், நல்ல தண்ணீர் உனக்கு உரியதல்ல, காசு கொடுத்து வாங்க வேண்டியது என்று ஒப்புக்கொண்டாயிற்று. 'உன் கிணற்றைக் கெடுக்க எவ்வளவு வாங்கிக்கொள்வாய்' என்று கேட்டால், கிணறு உன்னுடையது. இரண்டுக்கும் வரும் தொகைகளுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதிலேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

இரண்டாவது வகைக் கேள்வியைச் சரியாகக் கேட்ட ஓர் ஆய்வை என் மாணவப் பருவத்தில் படித்தேன். மடகாஸ்கரில் மன்டாடியா என்ற இடத்தில் தேசியப் பூங்கா அமைத்தபோது சுற்றியிருந்த கிராமத்தார் காட்டுக்குள் போக முடியாமல் ஆனது. அவர்களுக்கு எவ்வளவு நட்டம் என்று பிரியா ஷியாம்சுந்தரும் ராண்டல் கிரேமரும் கணக்கிட்டு 1996-ல் வெளியிட்டார்கள். பணத்தில் கேட்கவில்லை. காட்டை விட்டுக்கொடுக்க எவ்வளவு அரிசி வேண்டும் என்று கேட்டார்கள். பணம் அதிகம் புழங்காத ஊரில் அரிசிதான் எல்லோருக்கும் தெரிந்த அளவு. ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்குச் சுமார் 50 டாலர் மதிப்பு வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்து ரசிக்கிற காட்டுக்கு அந்த ஏழைகள் வருடா வருடம் இவ்வளவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். பிரியா ஷியாம்சுந்தர் பிறகு காத்மாண்டுவில் சாண்டீ என்ற தெற்காசிய அமைப்பை நடத்தினார். 1999-ல் தொடங்கிய அது, நம் பகுதி நாடுகளின் இளம் பொருளியலாளர்களுக்குப் பயிற்சியும் ஆய்வுப் பணமும் கொடுத்தது. பார்த்தா தாஸ்குப்தா போன்ற பெரிய பொருளியலாளர்கள் நேரில் வந்து பாடம் எடுத்தார்கள். இந்தத் துறையில் ஒரு வாழ்க்கை என்றால் எப்படி இருக்கும் என்று எங்களுக்குக் காட்டியவர்கள் அவர்கள்.

திண்டுக்கல் கிணறுகளுக்கு வருகிறேன். சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எல்லா மாணவரும் படிக்கும் தீர்ப்பு ஒன்று உண்டு. 1996 ஆகஸ்ட் 28, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் 900-க்கும் மேற்பட்ட தோல் ஷாப்புகளைப் பற்றியது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் உறுதியாகச் சொல்லப்பட்டது. வேலூர் என்று பெயர் இருப்பதால் நம்மூர்க்காரர்கள் பலருக்கு ஒன்று தெரியாது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஒரு சட்டக் கோட்பாட்டுக்கு நம் கிணறுகள் சாட்சி சொல்லியிருக்கின்றன. அப்பத்தா திண்ணையில் சொன்னதையும் நீதிபதி டெல்லியில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு மொழிநடையில் மட்டும்தான்.

தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பைக் கணக்கிட்டு ஈடு வாங்கிக்கொடுக்க ஓர் ஆணையத்தை மத்திய அரசு அமைக்க வேண்டும் என்று உத்தரவு. ஆணையம் அமைந்தது. வேலூர் மாவட்டத்துக்கு மட்டும் 2001-ல் அது போட்ட கணக்கு: பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய். கோடி என்றதும் பெரிதாகத் தெரியும். வகுத்துப் பாருங்கள். ஒருவருக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட இல்லை.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் ஆலோசகராக இருந்த காலத்தில் எனக்கு ஒரு நாளைக்குக் கொடுத்த கட்டணம் இதைவிட அதிகம். மூன்று நாள் களப்பயணம், எழுபது பக்க அறிக்கை, அதில் ஏழைகளின் இழப்பு பற்றி இரண்டு அட்டவணை. ஒரு தலைமுறை கிணறு இழந்ததற்கான ஈடு, அந்த இழப்பை அளக்க வருகிறவரின் ஒரு நாள் கூலிக்குக் கீழே. இது தனியாக என் குற்றம் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

ஈட்டுத்தொகைக் கதையும் அதோடு முடியவில்லை. வழக்கு நடந்துகொண்டே இருந்தது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் மறுபடி ஒரு தீர்ப்பு சொன்னார்கள். இன்னும் ஈடு கிடைக்காதவர்களுக்கு அரசே முதலில் கொடுத்துவிடட்டும், பிறகு கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றார்கள். சரியான தீர்ப்பு. ஆனால் நம் வீட்டுக் கணக்கில் பாருங்கள். 2001-ல் அந்த 9,200 ரூபாய்க்கு இரண்டு பவுனுக்குக் குறையாமல் வாங்கியிருக்கலாம். 2025 ஜனவரியில் பவுன் சுமார் 60,000 ரூபாய். அதே பணத்துக்கு ஒரு கிராமும் சொச்சமும். பேத்திக்கு ஒரு மூக்குத்தி.

காலம் என்ற கரையானைப் பற்றி எங்கள் தொழிலில் ஒரு பெரிய சண்டையே உண்டு. தள்ளுபடி விகிதம் என்பார்கள். நாளைக்கு வரப்போகிற நன்மையை இன்றைய பணத்தில் எவ்வளவு என்று மதிப்பது? ஆசிய வளர்ச்சி வங்கி நெடுங்காலம் 12 சதவீதத்தை அளவுகோலாக வைத்திருந்தது. 2017-ல்தான் அதை 9 ஆக்கியது, சுற்றுச்சூழல் நன்மை தரும் திட்டங்களுக்கு 6 என்று இறக்கியது. 12 சதவீதத்தில், முப்பது வருடம் கழித்து வரும் நூறு ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 3 ரூபாய் 34 காசு. அறுபது வருடம் கழித்து வருவது 11 காசு. பேரன் உலுக்குவான் என்று புளியங்கன்று வைத்த தாத்தாவை இந்தச் சூத்திரத்தில் போட்டால் அவர் விவரம் தெரியாதவர் என்று விடை வரும். திருச்சி ரோட்டில் அப்படி நின்ற புளியமரங்கள் நான்குவழிச் சாலைக்கு வெட்டப்பட்டபோது விறகு விலைதான் பேசப்பட்டது. நிழலுக்கும் புளிக்கும் கணக்கு எழுதியவர் யாரும் இல்லை.

மறுபக்கம் மிகையாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த ஒரு குழு, ஒரு மரத்தின் மதிப்பு வருடத்துக்கு 74,500 ரூபாய் என்று கொடுத்த அறிக்கை 2021-ல் வெளியே வந்தது. அதில் 45,000 ஆக்சிஜனுக்கு மட்டும். வாட்ஸ்அப்பில் இது பறந்தது, எனக்கே பதினைந்து பேர் அனுப்பினார்கள். என் மாமாவின் கணக்குப்பிள்ளை என்ற முறையில் சொல்கிறேன், இது தவறான கணக்கு. ஒரு மரத்தை வெட்டியதால் வடமதுரையில் யாருக்கும் ஆக்சிஜன் குறையவில்லை. குறையாத பொருளுக்கு விலை போட்டால், குறைந்துபோன பொருளின் விலை எடுபடாமல் போகும். அந்த மரத்தடியில் நின்ற நிழல், கீழே இறங்கிய மழைநீர், புளி பொறுக்கி விற்ற பெண்ணின் இரண்டு மாத வருமானம், இவை எண்ணக்கூடியவை. இவற்றை எண்ணினால் 74,500 வராது. வருகிற தொகையை நீதிமன்றத்தில் நின்று நிரூபிக்க முடியும்.

எதற்கும் விலை போடுவதே பாவம் என்கிறவர்களும் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். நம் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா லண்டனில் தணிக்கையாளர் படிப்பு முடித்து, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தி, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தவர். எல்லாவற்றையும் உதறிவிட்டுக் காந்தியிடம் போனார். கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் கழித்து 1960-ல் மறைந்தார். இயற்கையில் தீர்ந்துபோவது எது, தீராமல் ஓடுவது எது என்று பிரித்து, தீர்ந்துபோவதன் மேல் கட்டிய பொருளாதாரம் வன்முறையில் முடியும் என்று 1940-களில் சிறையிலிருந்து எழுதினார். சுற்றுச்சூழல் பொருளியல் என்ற பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அந்த வேலையைச் செய்தவர். பணத்தை ஒரே அளவுகோலாக்குவதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் 1929-30-ல் குஜராத்தின் மாதர் தாலுகாவில் ஊர் ஊராக ஆய்வு நடத்தி விவசாயிகளின் வரவு செலவைப் புத்தகமாகப் போட்டவரும் அவரே. கணக்கை வெறுத்தவர் அல்ல, கணக்கு யார் கையில் இருக்கிறது என்று பார்த்தவர். என்னைக் கேட்டால், நம் துறை மாணவர்கள் முதலில் படிக்க வேண்டியது அவரைத்தான். வெளிநாட்டுப் பாடத்திட்டங்களில் அவர் பெயரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

போன வருடம், எங்கள் பக்கத்தில் ஒரு கல் குவாரிக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை ஒருவர் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். கனமான புத்தகம், வண்ணப் படங்கள். பறவைகளின் பட்டியல் இருந்தது, காற்றின் திசை இருந்தது, குவாரியால் கிடைக்கும் வேலைவாய்ப்பு இரண்டு பக்கத்துக்கு இருந்தது. ஒன்பதாவது அத்தியாயத்தைத் திருப்பினேன். 'சுற்றுச்சூழல் செலவு – பயன் பகுப்பாய்வு' என்று தலைப்பு. கீழே ஒரே வரி: பரிந்துரைக்கப்படவில்லை, ஆகவே பொருந்தாது.

அது அந்த நிறுவனத்தின் தந்திரம் இல்லை, விதியே அப்படித்தான் இருக்கிறது. 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்று மூன்றாவது பின்னிணைப்பு சொல்கிறது. ஒன்பதாவது அத்தியாயம் செலவு – பயன் கணக்கு, ஆனால் ஆய்வின் எல்லையை வகுக்கும் கட்டத்தில் பரிந்துரைத்திருந்தால் மட்டும். பெரும்பாலும் யாரும் பரிந்துரைப்பதில்லை. ஆகவே யாரும் எழுதுவதில்லை. கையில் பேனாவோடு கணக்குப்பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, கூப்பிட்டால் மட்டும் எழுது என்று சொல்லியிருக்கிறோம்.

நான் கேட்பது இரண்டே. அந்த 'பரிந்துரைத்தால்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். எந்தக் கிணறு, எந்த மேய்ச்சல், எந்த முருங்கைத் தோட்டம், யாருக்கு எவ்வளவு போகும் என்று அனுமதிக்கு முன்பே எழுதப்படட்டும். இரண்டாவது, அதைச் சரிபார்க்க மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு பொருளியலாளர் இருக்கட்டும். பொறியாளர் இருக்கிறார், புவியியலாளர் இருக்கிறார். நட்டக் கணக்கு பார்க்க மட்டும் ஆள் இல்லை. அவருக்கு வேலைக்குப் பஞ்சம் இருக்காது. அய்யலூர் மலைக்காடுகளைத் தேவாங்குக்காக 2022-ல் மாநில அரசு சரணாலயமாக அறிவித்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர், நாட்டிலேயே முதல் தேவாங்குச் சரணாலயம். காட்டோரம் ஆடு மேய்க்கும் குடும்பங்களுக்கு அதனால் வருவதென்ன, போவதென்ன என்று மடகாஸ்கரில் அரிசியில் கேட்டது போல நம்மூரில் ஆட்டுக்குட்டியில் கேட்கலாம். வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்குப் போனால் விலை உடனே தெரிந்துவிடும்.

இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். பக்கத்துத் தெருப் பாப்பா ஒருத்தி, இரண்டாம் வருடம் பி.ஏ. பொருளியல், "அத்த, வாஷிங்டன் போகணும்னா என்ன படிக்கணும்?" என்று கேட்டாள். சென்னைப் பொருளியல் பள்ளியில் சுற்றுச்சூழல் பொருளியலுக்கென்றே எம்.ஏ. இருக்கிறது, புள்ளியியலை விட்டுவிடாதே என்றேன். போகட்டும், நானும் போனேன். ஆனால் போவதற்கு முன்னால் நம்மூர்க் கிணறு ஒன்றில் இறங்கி உப்புக் கோட்டை எண்ணிவிட்டுப் போ என்றும் சொன்னேன். சிரித்தாள்.

உங்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். அடுத்த முறை உங்கள் ஊரில் ஏதாவது ஒரு திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தால், ஆட்சியர் அலுவலகத்தில் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஒன்பதாவது அத்தியாயத்தைத் திறங்கள். ஒரே வரிதான் இருக்கிறது என்றால், கூட்டத்தில் எழுந்து அதை மட்டும் சத்தமாக வாசியுங்கள். நீங்கள் சொல்வதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது விதி. அந்தத் தாளை யாரும் சிவப்புச் சுழி போட்டு எடுத்துவிட முடியாது.